சைக்கிளில் வந்தார்

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். ஏறத்தான் தெரியாது.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நீந்தத் தெரிந்தவர்கள் எல்லாரும் குளத்தில் குதித்தா இறங்குகிறார்கள்? படிக்கட்டில் இறங்குகிறவர்களும் உண்டல்லவா? எனக்குப் படிக்கட்டு, மைல் கல். கல்லை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தி, கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி, சீட்டில் உட்கார்ந்து ஓர் உந்து உந்தினால் போதும். அப்புறம் அடுத்த ஊர் வரைக்கும் என்னை யாரும் பிடிக்க முடியாது. இறங்க வேண்டுமானால் இன்னொரு கல் வரும்வரை மிதிப்பேன்.

குற்றம் முழுக்க என்னுடையதும் இல்லை. பிளாக் ஆபீசில் கொடுத்த லேடீஸ் சைக்கிள் அது. யாரோ ஆறடிப் பெண்ணுக்காகச் சீட்டை உயர்த்தி வைத்திருந்தார்கள். சீட்டுக் குழாய் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. சைக்கிள் கடை முனிசாமி சுத்தியலால் அரைமணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். சீட்டில் உட்கார்ந்தால் என் கால் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றான் என் அண்ணன் ஜெயினுலாபுதீன். வாயை மூடு என்றேன்.

இது ஐம்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். அதற்கு மூன்று வருஷம் முன்னால் பினாங்கிலிருந்து என் கணவர் தலாக் கடிதம் அனுப்பியிருந்தார். நான் செங்கல்பட்டில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரே அறை. அண்ணனுக்கு ஐந்து பிள்ளைகள். நான் அடுப்படியில் அம்மிக்கும் குடத்துக்கும் நடுவில் படுத்தேன். என் மகள் ஷாஜாதி அச்சரப்பாக்கத்தில் என் மாமியாரிடமே இருந்தாள். "அங்க படுக்கவே எடமில்ல, பச்சப்புள்ளய எங்க போடுவே? ஒனக்குன்னு ஒரு வூடு வரட்டும், அன்னிக்கே இட்டுகினு போ" என்று மாமியார் சொன்னார். ஜமாஅத்துப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். அதில் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அவர்கள் சொன்னதில் பொய் இல்லையே. மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பார்ப்பேன். முதல் ஒரு மணி நேரம் பிள்ளை பாட்டியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அது மெதுவாக வெளியே வந்து என் மடியில் உட்காரும்போது கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். நாலு வயதாகிவிட்டது.

அப்போதுதான் கிராம சேவிகை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் புகையில்லாத அடுப்பு போடவும், பிள்ளை வளர்ப்பும், கோழி வளர்ப்பும் சொல்லிக்கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் போதும். எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். வேலையோடு ஒரு வீடு தருகிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்ததும் மற்ற எதையும் நான் படிக்கவில்லை.

பிளாக் ஆபீசர் ஜானகிராமன் நல்ல மனிதர்தான், ஆனால் சூடு கண்ட பூனை. முன்பு இருந்தவர்கள் பஸ்ஸில் போய்விட்டுச் சைக்கிளில் போனதாக டைரி எழுதினார்களாம். பாதி ஊருக்குப் போகவே இல்லையாம். அதனால் எனக்கு ஒரு நோட்டைக் கொடுத்தார். "எட்டு ஊர், ரெண்டு நாள். ஒவ்வொரு ஊர்லயும் கிராம முன்சீப் 'சைக்கிளில் வந்தார்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும். ரெண்டாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நோட்டு இங்க இருக்கணும். இல்லேன்னா அடுத்த பேரைக் கூப்பிடுவேன்" என்றார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், அங்கிருந்து பாலாற்றைத் தாண்டி நாணல்மேடு, திரும்ப ஆற்றைத் தாண்டிச் சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், திருப்போரூர், காட்டு வழியாகச் செங்கல்பட்டு. நடுவில் சில சின்ன ஊர்கள்.

தனியாக அனுப்ப மாட்டேன் என்று அண்ணன் அவனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினான். மளிகைக் கடையில் எடை போடுகிறவன். கேரியரில் சோற்று மூட்டையைக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் மெக்காவுக்குப் போகிறவன் போல இருந்தது.

விடிந்ததும் ஊர் எல்லை மைல் கல்லில் ஏறினேன். ஏரிக்கரைக் காற்று முக்காட்டைப் பிடித்து இழுத்தது. அண்ணி இரண்டு ஊசி குத்தியிருந்ததால் தப்பித்தேன். மலைகளுக்கு நடுவே வளைந்து போகிற ரோடு. ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதித்தேன். "நாஸ்தா துன்னுட்டுப் போலாம் ராபியா" என்று அண்ணன் மைலுக்கு ஒருமுறை சொன்னான். திருக்கழுக்குன்றத்தில் கழுகு வருகிற நேரம் வரை இருந்து பார்க்கலாம் என்றான். "கழுகுக்கு வேளாவேளைக்குச் சோறு கீது. எனக்கு வூடு இல்ல. மிதி" என்றேன். மத்தியானத்துக்கு வெகு முன்பே மூன்று ஊர்களில் எழுதி வாங்கிவிட்டேன். மூன்று முன்சீப்களும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'சைக்கிளில் வந்தார்' என்று கிறுக்கிக் கொடுத்தார்கள்.

நாலாவது ஊர் நாணல்மேடு. அதற்கு ஆற்றைத் தாண்ட வேண்டும்.

பாலாற்றில் பால் எப்போது ஓடியதோ தெரியாது, மணல் ஓடும். கரைக்குக் கரை அரை மைல் மணல். அதற்குள் இரண்டு இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மணலில் சக்கரம் புதைந்தது. தண்ணீரில் சைக்கிளைத் தோளில் தூக்கினேன். அண்ணன் சோற்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். அக்கரை ஏறியதும்தான் எனக்கு உறைத்தது. வண்டிப் பாதையில் ஏது மைல் கல்? பனைமரம் இருந்தது, நாணல் இருந்தது. ஊர் முகப்பில் ஒரு சுமைதாங்கி இருந்தது, அது என் நெஞ்சுயரம். ஏற ஒன்றும் இல்லாமல், கால் மைல் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சாவடி வாசலுக்குப் போய் நின்றேன்.

முன்சீப் அருணகிரி முதலியார் சாவடியில் உட்கார்ந்து, நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி வழியாக நான் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கினார். முந்தின மூன்று பக்கங்களையும் வாசித்தார். பேனாவை மையில் தோய்த்து நிதானமாக எழுதினார். வாங்கிப் பார்த்தேன்.

'சைக்கிளுடன் வந்தார்.'

"ஐயா, சைக்கிளில்னு எழுதணும்."

"நீ சைக்கிள்ல வர்லியேம்மா. சைக்கிள் உன்கூட வந்துது. நான் பாத்துகினுதானே இருந்தேன்."

"செங்கல்பட்டுலேர்ந்து ஓட்டிகினு வரேன். ஆத்துல எப்படி ஓட்டறது?"

"ஆறு அங்கயே முடிஞ்சிபோச்சே. இங்க வரிக்கும் ஏன் தள்ளிகினு வந்தே?"

ஏறத் தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. "ஒரு உருபுதானே ஐயா, மாத்தி எழுதினா இன்னா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க பாட்டன் ஒரு நெலம் வாங்கினாரு. பத்திரத்துல 'கிணற்றுடன்'னு எழுத வுட்டுட்டான் எழுதனவன். நெலம் எங்களுது, கிணறு வித்தவனுது. இன்னிக்கும் என் நெலத்து நடுவுல நின்னுகினு, அவன் பேரனக் கேட்டுத்தான் நான் தண்ணி எறைக்கிறேன். உடன்னா உடன். இல்னா இல். நான் இன்னா பாத்தேனோ அத்தத்தான் எழுதுவேன்" என்றார்.

அண்ணன் என் காதருகில், "வா, நான் புடிச்சிக்கிறேன், நீ ஏறு. ஓட்டிக் காமிச்சிட்டுப் போயிடலாம்" என்றான். சரி என்று நூறு அடி பின்னால் போனோம். அண்ணன் ஹாண்டில்பாரையும் சீட்டையும் பிடித்துக்கொண்டான். ஏறினேன். ஜம்மென்று சாவடிக்கு வந்தேன். தூணைப் பிடித்து இறங்கி, இப்போது எழுதுங்கள் என்பதுபோல நின்றேன். எழுதினார்.

'அடுத்து, தமையனார் பிடித்து ஏற்றிவிட, சைக்கிளில் வந்தார்.'

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஐயா, நீங்க முன்சீப்பா, போட்டோ புடிக்கிறவரா?" என்று கத்தினேன். அதற்குள் ஊரில் பாதி அங்கே கூடியிருந்தது. ஒரு பெண்ணுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "எங்க வூட்டு உரல உருட்டியாந்து போடட்டுமா? அத்து மேல காலை வச்சி ஏறிக்கோயேன்" என்றாள்.

"தாராளமாப் போடு. உரல் மேல ஏறினாள்னு எழுதிக்கிறேன்" என்றார் முதலியார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்: "ஏம்மா, இந்த வேலைக்கு வந்தப்புறம் தினம் ஒரு ஊருக்குப் போவணுமில்ல? ஒருத்தி வலியில துடிச்சிகினு இருப்பா, ஓடி வான்னு ஆள் வரும். அப்ப ஊரூரா உரல தூக்கினு போவியா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால் அது நியாயமான கேள்வி. ஆபீசர் என்னிடம் சைக்கிள் தெரியுமா என்று கேட்டபோது தெரியும் என்று சொன்னேன். பாதி உண்மை. மூன்று ஊர் முன்சீப்கள் பார்க்காமல் எழுதிய பாதி உண்மையை இந்த மனிதர் பார்த்து எழுதிவிட்டார். அவரைத் திட்டிக்கொண்டே, மனசுக்குள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். என்னை எனக்கே பிடிக்காத நேரம் அது.

"அண்ணே, எப்படி ஏறணும்னு காமி" என்றேன்.

"இப்பவா? இங்கியா? மணி ஆவுது ராபியா. இருட்டறதுக்குள்ள ஆத்தைத் தாண்டணும். வூட்டுக்குப் போய் அடுத்த தபா பாத்துக்கலாம்."

"அடுத்த தபா கெடையாது. காமி."

அவன் காட்டினான். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்தி ஓட வேண்டும். வேகம் வந்ததும் வலது காலை உள்ளே கொண்டுபோய், உட்கார வேண்டும். அவன் செய்தபோது கறிவேப்பிலை உருவுகிற மாதிரி சுலபமாக இருந்தது.

முதல் தடவை மணலில் விழுந்தேன். வலிக்கவில்லை. இரண்டாம் தடவை முள்வேலியில். மூன்றாம் தடவை சைக்கிள் ஒரு பக்கம் போக நான் இன்னொரு பக்கம் போனேன்; செருப்பு வார் அறுந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கு மீசையும் இல்லை, மண் ஒட்டாத இடமும் இல்லை. முழங்கை தேய்ந்தது. புடவை முழங்காலில் கிழிந்து ரத்தம் கசிந்தது. கூட்டத்தில் முதலில் சிரித்தார்கள். நாலாவது தடவைக்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது தடவை விழுந்தபோது அண்ணன் ஓடிவந்து சைக்கிளைப் பிடுங்கப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர். "போதும்மா. நம்ப வூட்டுலயே இரு. நான் இன்னா ஒன்ன வேணாம்னா சொன்னேன்?" என்றான்.

"நீ சொல்லலண்ணே. ஆனா ஷாஜாதிய எங்க படுக்கப் போடுவே?" என்றேன்.

அவன் கையை எடுத்துவிட்டான்.

ஆறாவது தடவையும் விழுந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு உந்து உந்தியதுமே உட்கார அவசரப்பட்டிருக்கிறேன். மூன்று வருஷமாக எதற்கெடுத்தாலும் எனக்கு அதே அவசரம். சரி, உட்காரவே வேண்டாம், பெடல்மேல் நின்றுகொண்டே போவோம் என்று எழுந்தேன். செருப்பில்லாத காலால் உந்தினேன். நாலு, ஐந்து, ஆறு. சக்கரம் தானாக ஓட ஆரம்பித்தது. வலது காலை உள்ளே கொண்டுபோனேன், பெடல் கிடைத்தது, நின்றேன். சைக்கிள் ஆடியது, விழவில்லை. அப்புறம் சீட்டு எங்கேயும் போய்விடாமல் பின்னால் காத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன்.

சாவடிக்கு வந்துவிட்டேன். ஆனால் நிற்கப் பயம். இறங்கினால் இந்த வித்தை மறந்துபோகுமோ என்று சாவடியை ஒரு சுற்று சுற்றினேன். பெண்கள் கூச்சல் போட்டார்கள். இன்னொரு சுற்றும் சுற்றினேன். பிறகு தூண் எதையும் பிடிக்காமல் குதித்து இறங்கி, இரு காலில் நின்றேன்.

முதலியார் மத்தியானச் சாப்பாட்டுக்கே போகவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். நோட்டில் நெடுநேரம் எழுதினார். முத்திரை குத்தி, மூடி, கையில் கொடுத்தார். வெயில் சாய்ந்துவிட்டது. திறந்து படித்தால் மறுபடி சண்டை வரும், சண்டைக்கு நேரமில்லை. மூட்டையில் திணித்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சதுரங்கப்பட்டினத்தில் அண்ணன் சிநேகிதர் மதார் சாகிப் வீட்டு வாசலில் போய் விழுந்தோம்.

மறுநாள் உடம்பில் வலிக்காத எலும்பு இல்லை. கடற்கரையோரம் எதிர்க்காற்று; சவுக்குத் தோப்புகள் ஊளையிட்டன. மாமல்லபுரத்தில் நோட்டில் எழுதி வாங்கியதும் பாறைக் கோயில் பார்க்கலாம் என்றான் அண்ணன். பாறை அங்கேயேதான் இருக்கும் என்றேன். ஆனால் வழியில் நினைத்த இடத்தில் இறங்கினேன், நினைத்த இடத்தில் ஏறினேன். கல் எங்கே என்று ரோட்டோரம் தேடிய கண், அன்றுதான் முதல்முறையாக இரண்டு பக்கமும் பார்த்தது. கால்வாயில் உப்புப் படகு போனது. மணலில் கருவாடு காய்ந்தது. திருப்போரூரைத் தாண்டிக் காட்டு ரோட்டில் ஏறியதும் அண்ணனின் சைக்கிள் பங்சர். "நீ தள்ளிகினு வா. நான் போறேன்" என்றேன். "காட்டுல தனியாவா?" என்றான். "வேல கெடச்சப்புறம் எட்டு ஊருக்கும் நீயா வரப்போறே?" என்று கேட்டுவிட்டு உந்தி ஏறினேன். இரண்டு பக்கமும் குன்று, முள்ளுக்காடு, மனித வாடையே இல்லை. பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே மிதித்தேன்.

ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது நோட்டு ஆபீசரின் மேசையில் இருந்தது. ஜானகிராமன் விரலால் பக்கங்களைத் தள்ளினார். எட்டுக் கையெழுத்து, எட்டு முத்திரை. எண்ணினார். "ரொம்ப சரி" என்று மூடினார். அவ்வளவுதான். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். ஒரு உருபுக்காக நான் ஆறு தடவை விழுந்தேன். இந்த மனிதர் எண்ணிப் பார்த்துவிட்டு மூடுகிறார். அதோடு ஒரு பயமும் இருந்தது. அந்த நாலாம் பக்கத்தில் 'உடன்' இருக்கிறது. நாளைக்கு யாராவது படித்துப் பார்த்து, பிள்ளையைக் கூட்டிவந்த பிறகு வீட்டைப் பிடுங்கினால்? பிடுங்குவதாக இருந்தால் இன்றைக்கே பிடுங்கட்டும்.

"நாலாவது பக்கத்தப் படிங்க சார்" என்றேன்.

"எதுக்கும்மா?"

"படிங்க."

அவர் வாய்விட்டுப் படித்தார். "சைக்கிளுடன் வந்தார். அடுத்து, தமையனார் பிடித்து ஏற்றிவிட, சைக்கிளில் வந்தார்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மேலே படித்தார். "பின்னர், எவர் உதவியும் இன்றித் தாமே ஏற முயன்று ஆறு முறை விழுந்தார். ஏழாம் முறை ஏறி, சைக்கிளில் வந்தார். சாவடியை இருமுறை சுற்றினார். இவை யாவும் நான் நேரில் கண்டவை. இனிக் காணாத ஒன்றையும் எழுதுகிறேன்: இவ்வூருக்கு யாரையாவது அனுப்புவதானால், கூப்பிட்டால் இவர் வந்து சேருவார்."

ஆபீசர் நோட்டை மூடினார். என் முழங்கால் கிழிசலைப் பார்த்துவிட்டுப் பார்வையை நகர்த்திக்கொண்டார். "வீடு ரொம்பச் சின்னதும்மா. ஒரு அறை, ஒரு அடுப்படி. எத்தனை பேர்?" என்றார்.

"ரெண்டு பேர் சார்" என்றேன். அழுதேன், ஒளிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாவி கையில் வந்தது. சனிக்கிழமை விடியற்காலை டிரங்க் ரோட்டில் அச்சரப்பாக்கத்துக்குச் சைக்கிளில் கிளம்பினேன். பஸ் இருந்தது, ஆனால் மாமியார் வாசலில் நான் சைக்கிளில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. வழியெல்லாம் ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நம் பக்கத்தில் யாரும் போறேன் என்று சொல்லிக் கிளம்ப மாட்டார்கள், வர்றேன் என்றுதான் சொல்வார்கள். போறேன் என்றால் ஒரேயடியாகப் போவது. நான் மாமியார் முகத்தைப் பார்த்து, "போறோம்" என்று சொல்லப் போகிறேன். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்.

மாமியார் சண்டை போடவில்லை. பிள்ளையின் துணிகளைத் துவைத்து மடித்து ஓலைப்பெட்டியில் வைத்திருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தார். "வூட்டுக்குத் தாப்பா கீதா?" என்று மட்டும் கேட்டார். தாழ்ப்பாள் இருக்கிறது என்றேன். கேரியரில் தலையணையைக் கட்டி ஷாஜாதியை உட்கார வைத்தேன். அவள் பாட்டியை விட மறுத்துக் கத்தினாள். மாமியார் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு உள்ளே போய்த் தன் பழைய புடவை ஒன்றை எடுத்துவந்து நீளவாக்கில் கிழித்தார். "தூங்கி வுழுந்துடுவா. கால் சக்கரத்துல மாட்டிக்கும்" என்று சொல்லி, பிள்ளையின் காலை ஒதுக்கிவைத்து, சீட்டுக்கு முன்னால் தரையில் காலூன்றி நின்ற என் இடுப்போடு அவளைச் சேர்த்துக் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். "வர்றோம் மாமி" என்று வந்தது.

அவர் தலையாட்டினார். நான் நாலு உந்து உந்தி ஏறினேன். ஷாஜாதி திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டே வந்தாள். மதுராந்தகம் ஏரிக்கரை வருவதற்குள் அழுது அழுது தூங்கிவிட்டாள். என் முதுகில் அவள் கன்னம் ஈரமாக இருந்தது. முடிச்சு இறுக்கமாக இருந்ததால், நான் எங்கேயும் நிற்காமல் மிதித்தேன்.